முதல் துண்டில் பாரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் இருந்துகொண்டு நோர்வே மொழி படித்த தமிழன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது உலகத்துத் தமிழரெல்லாம் கனடாவுக்கு வர வழி தேடிய காலம். ஜெர்மனியில் இருந்தவர்கள் வந்தார்கள், சுவிஸில் இருந்தவர்கள் வந்தார்கள், கொழும்பு லொட்ஜுகளில் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்திருந்தவர்கள் வந்தார்கள். நானோ வந்து, அகதி வழக்கு முடிந்து, கையில் பாஸ்போர்ட்டும் கிடைத்த பிறகு, வடதுருவத்துப் பக்கம் போவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். "வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டின கதை," என்று அத்தான் சொன்னார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். அவர்களுடைய வீட்டு பேஸ்மென்ட்டில்தான் நான் குடியிருந்தேன்.

காரணம் ஒரு சம்பந்தம். முப்பது தாண்டிய ஆணுக்குச் சம்பந்தம் வருவது குறைவு, புத்திமதி வருவதுதான் அதிகம். அதனால் றிச்மண்ட் ஹில் கோயிலில் பழக்கமான ஒருவர் மூலம் இந்தச் சாதகம் வந்தபோது அக்கா அதைக் கீழே வைக்கவே இல்லை. பெண் நோர்வேயில் நேர்ஸ். தாய் ஊரிலேயே தவறிவிட்டார். ஏழு வயதில் தகப்பனுடன் நோர்வேக்குப் போனவள். அண்ணன் ஒருவன் இங்கே ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், யூனியன்வில்லில் இருக்கிறான். பொருத்தம் பார்த்த ஐயர், இதைவிடப் பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும் என்று சொன்னாராம்.

படத்தில் அவள் பனிக்கு நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதி எனக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை தொலைபேசியில் பேசியபோது, அக்கா பக்கத்தில் நின்று, "சமைக்கத் தெரியுமோ எண்டு கேள்," என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவள் கேட்டுவிட்டாள்.

"நீங்கள் இஞ்ச வருவீங்களோ? நான் அங்க வரமாட்டன். எனக்கு வேலை இஞ்ச."

"வரலாம்."

"வந்தா மொழி படிப்பீங்களோ? வடிவா? ஆக்களுக்கு விளங்கிற மாதிரி?"

அதிலென்ன, படிக்கலாம் என்றேன். அவள் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய தமிழ் ஏழு வயதோடு நின்றுவிட்ட தமிழ். வேலையைப் பற்றிச் சொல்லும்போது, "நான் ஆக்களுக்கு ஊசி போடுறன், அவை அழுதா ஆராட்டுறன்," என்றாள். ஆராட்டுவது என்றால் அழும் குழந்தையைத் தேற்றுவது. அந்தக் குழந்தைத் தமிழில் அவள் சொன்ன விஷயம் குழந்தைத்தனமாக இல்லை.

அவளுடைய அப்பா நோர்வேயின் வடக்கில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அத்தனை வருடத்தில் அவருக்கு அந்த மொழி வரவில்லை. படித்தார், வகுப்புக்கும் போனார், எழுதவும் செய்தார். ஆனால் அவர் வாயைத் திறந்து சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையான இவள்தான் வங்கி, தபாற்கந்தோர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவருடைய வாயாகப் போனாள்.

"அப்பாவுக்கு மூலவியாதி. ஒன்பது வயசில நான் அதை டொக்டருக்கு எப்பிடிச் சொல்லுறது? பள்ளிக்கூடத்தில ரீச்சர் என்னைப் பற்றிக் குறை சொன்னாலும் நான்தான் அப்பாவுக்குச் சொல்லோணும். ஒரு சொல்லும் மாத்தாமல்தான் சொன்னனான். எனக்கு இனி ஏலாது. அப்பாவுக்குச் செய்வன். புருசனுக்கும் செய்ய ஏலாது."

அவள் கேட்ட சீதனம் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு மரியாதையும் வந்தது. ஒரு மொழி என்ன பெரிய மலையா? யாழ்ப்பாணத்தில் தகரக் கொட்டில் ரியூசனில் இரசாயனவியலை முழுப் புத்தகமாகப் பாடமாக்கி ஒப்புவித்தவன் நான். அதில் ஒரு வரியும் எனக்கு விளங்கவில்லை என்பதும், அது பரீட்சைக்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் வேறு விஷயம்.

அவள் ஒரு புத்தகமும் கசற்றுகளும் அனுப்பிவைத்தாள். நான் எனக்குத் தெரிந்த முறையில் ஆரம்பித்தேன். பேஸ்மென்ட்டில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நடப்பது, திரும்புவது, உரத்துச் சொல்வது. எங்கள் ஆட்களுக்குப் படிப்பு காலால்தான் ஏறும். மேலே சமையலறையில் அக்கா அந்தச் சத்தத்துக்கு ஏற்ற தாளத்தில் வெங்காயம் வெட்டுவார்.

நோர்வேக்காரர் சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போவார்கள். நோயும் வீடும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி: சூக்கெஹூஸ். பல்லும் வைத்தியரும் சேர்ந்தால் பல் வைத்தியர்: தான்லேகெ. பிள்ளைகளும் தோட்டமும் சேர்ந்தால் பாலர் பள்ளி: பார்னெஹாகெ. மீனும் தொழிற்சாலையும் சேர்ந்தால் ஃபிஸ்கெஃபப்ரிக். இதில் ஒரு புதினமும் எனக்குத் தெரியவில்லை. பல்வலி, கைவிளக்கு, தலையிடி என்று நாங்களும் ஒட்டிப் பேசுகிறவர்கள்தானே. ஒரே கிழமையில் புத்தகத்தின் கால்வாசியை முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பெருமையோடு ஒப்புவித்தேன்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"உது என்ன?" என்று கேட்டாள்.

"சூக்கெஹூஸ். ஆஸ்பத்திரி."

"அப்பிடி இல்லை. முதல் துண்டில பாரத்தைப் போடுங்கோ. மிச்சத்தை விடுங்கோ. அது பின்னால வரும்."

பாரத்தைப் போட்டேன். பிழை. கூடப் போட்டேன். அதுவும் பிழை. முதல் துண்டை அழுத்த வேண்டும். அழுத்தினால் மட்டும் போதாது, குரல் அந்த இடத்தில் ஒரு வளைவு வளைந்து எழும்பி இறங்க வேண்டும். பின்னால் வரும் துண்டு முற்றாகச் செத்தும் போகக்கூடாது, தலை தூக்கவும் கூடாது. ஃபப்ரிக் என்று தனியே சொன்னால் கடைசியில் அழுத்தமாம். அதற்கு முன்னால் மீன் வந்து ஒட்டிக்கொண்டால் அழுத்தத்தை மீனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமாம். கல்யாணம் முடித்தவன் கதைதான்.

"எங்களுக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை குடுத்துத்தான் பழக்கம்," என்றேன்.

"அதுதான் ஒருத்தருக்கும் விளங்காது," என்றாள்.

நான் விடவில்லை. அப்போது எனக்கு விட்பியில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒரே காரில் நாலைந்து பேராகப் போவோம். நான் பின்சீற்றில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பேன். காரோட்டும் அண்ணை சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உது எந்தக் கோயில் மந்திரம்? பலன் இருக்கோ?" என்று கேட்டார். கல்யாணம் கைகூடுவதற்கான மந்திரம் என்றேன். மறுநாள் தன் மைத்துனனுக்காக அதை ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. மற்ற மாப்பிள்ளைமார் தொலைபேசியில் என்ன பேசினார்களோ தெரியாது. நாங்கள் வீட்டு வாடகை, தூசி உறிஞ்சும் இயந்திரம், பனிவழுக்கும் தெரு என்று பேசினோம். அவள் சொல்லுவாள், நான் திருப்பிச் சொல்லுவேன், அவள் திருத்துவாள். சில வேளை நான் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லுவேன். அவள் திருத்தும்போது குரலில் ஒரு பொறுமை வரும். தன் நோயாளிகளோடு அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் குரலுக்காகக் காய்ச்சலில் படுக்கவும் எனக்குச் சம்மதம். இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்வதற்கான பாடம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

அடுத்த கோடையில் அவளுடைய யூனியன்வில் அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. அவளும் தகப்பனும் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். அப்படியே ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வருவதாக ஏற்பாடு. வழக்கமாகப் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். இந்த முறை பரீட்சை எனக்கு. அக்கா வடை சுட்டார். அத்தான் சேட்டு மாற்றிக்கொண்டு, "தோத்துப் போனாலும் வடை மிஞ்சும்," என்று தைரியம் சொன்னார்.

படத்தில் பார்த்த பாதி முகத்துக்கு மறுபாதியும் இருந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் தகப்பன். நல்ல உயரமான மனிதர்; ஆனால் கதிரையின் நுனியில், பஸ் வந்ததும் எழும்பிப் போகிறவர் போல இருந்தார். "ரீயோ, கோப்பியோ?" என்று அக்கா கேட்டார். நல்ல தமிழில்தான் கேட்டார். அவர் உடனே மகளின் முகத்தைப் பார்த்தார். "அப்பாவுக்கு ரீ. சீனி இல்லாமல்," என்றாள் மகள். ஊர் எது என்று அத்தான் கேட்டார். அதற்கும் அவர் மகளைப் பார்த்தார். அதற்கும் மகளே பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததாக இல்லை.

பிறகு நான் எழும்பி நின்று நோர்வே மொழியில் என்னுடைய பேச்சைச் சொன்னேன். பெயர், ஊர், தொழில், வைத்தியரிடம் தனியே போய் என் வருத்தத்தை நானே சொல்வேன் என்ற வாக்குறுதி. ஒரு சொல்லும் தவறவில்லை. மூச்சு விடாமல் சொன்னேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தகப்பன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"எல்லாம் வடிவா விளங்குது," என்றார்.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நோர்வேக்காரர் பேசினால் விளங்காத அவருக்கு என் பேச்சு விளங்கியது என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்திய கிழமை தகப்பனுக்குப் பல்வலி வந்தது. அண்ணனுக்கு மண்டப வேலை தலைக்கு மேல். நான் லீவு எடுத்து, அக்காவின் காரில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் இருந்த பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிளாசாவில் நகைக்கடை, புடவைக்கடை, வழக்கறிஞர், வீடு விற்பவர், எல்லாமே தமிழ்ப் பலகைகள். எங்களுக்கு அது கண்ணில் படாத விஷயம். தகப்பன் காரிலிருந்து இறங்கி நின்று ஒவ்வொரு பலகையாக வாசித்தார், வாய்விட்டு வாசித்தார்.

உள்ளே அவள் வழக்கம்போலத் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். கைப்பையிலிருந்து அவருடைய மருந்துப் பெட்டிகளை எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டாள். எந்தப் பல், எத்தனை நாள் வலி என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பது அவளுடைய உதட்டில் தெரிந்தது. கதவு திறந்தது.

"ஐயா, நீங்கள்தானே? வாங்கோ உள்ள. எந்தப் பக்கம் குத்துது?" என்றார் வைத்தியர்.

அவளும் எழும்பினாள். "பிள்ளை, நீர் இரும். ஐயா சொல்லுவார்தானே," என்று வைத்தியர் கதவைச் சாத்திவிட்டார்.

அவள் மருந்துப் பெட்டிகளோடு சாத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். இருக்கச் சொன்னேன். இருந்தாள். உடனே எழும்பினாள். உள்ளே குரல் கேட்டது. முதலில் வைத்தியரின் குரல். பிறகு இன்னொரு குரல், கனத்த, உருண்ட குரல். அது யாருடையது என்று எனக்கும் ஒரு கணம் தெரியவில்லை. அந்தக் குரல் எந்தப் பல்லில் வலி தொடங்கியது, அது காதுக்கு எப்படி ஏறியது, இராத்திரி எந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு போனது. பல்லில் இருந்து மீனுக்குப் போனது. மீனிலிருந்து நோர்வேக் குளிருக்குப் போனது. வைத்தியரின் தகப்பன் எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தது. அவர் சொன்ன பதிலுக்குப் பெரிதாகச் சிரித்தது.

"ஐயா, கதைச்சது காணும், வாயைத் திறவுங்கோ," என்று வைத்தியர் கெஞ்சினார்.

நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா இப்பிடிக் கதைப்பாரெண்டு எனக்குத் தெரியாது," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச அப்பா கதைக்கமாட்டார். நான் ஒரு ஊமைக்கு வாயா இருந்தன் எண்டுதான் நினைச்சன். அவர் ஊமையில்லை. நாங்கள் வேற ஊருக்கு வந்திருந்தாலே போதும். எனக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சு விளையாடப் போயிருக்கலாம்."

மருந்துப் பெட்டிகளை அவளிடமிருந்து வாங்கி நான் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மனிதரை நிறுத்த முடியவில்லை. விறைத்த வாயோடு வீடு போகும் வரை கதைத்தார். மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் எடுத்து, பஸ்ஸில் கண்ட தமிழரிடமெல்லாம் வழி கேட்டு, தேவைக்கு மேல் கேட்டு, ஸ்காபரோவுக்கு வந்து, மீன்கடையில் பாரை மீனின் கண் மங்கிப்போய்விட்டது என்று கடைக்காரனோடு சண்டை பிடித்தார். மீன் தொழிற்சாலையில் இத்தனை காலமும் அடக்கி வைத்திருந்த அபிப்பிராயமெல்லாம் அந்தக் கடையில் வெளியே வந்தது. மகனின் கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியில், தான் நோர்வேக்குத் திரும்பப் போவதில்லை என்றும், மகனோடு இங்கேயே தங்குவதற்குப் பதியப் போவதாகவும் சபையில் அறிவித்தார். சபை கைதட்டியது. அவள் முன்வரிசையில் இருந்து தானும் கைதட்டினாள்.

அவள் புறப்படுவதற்கு முதல்நாள், டோனட் கடை ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் பேசினோம். அங்கே நான் கோப்பி கேட்ட விதத்தை அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். என் ஆங்கிலம் கல்லாவில் நின்ற பெண்ணுக்கு முதல் தடவை விளங்கவில்லை. இரண்டாம் தடவையும் விளங்கவில்லை. நான் வெட்கப்படாமல் மூன்றாம் தடவையும் சொல்லி, விரலால் காட்டி, பகிடியும் விட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பின்னால் நின்றவர் எங்கள் ஊர்க்காரர். அவரோடும் நாலு கதை கதைத்தேன்.

"இஞ்ச நீங்கள் நல்லாக் கதைக்கிறீங்கள்," என்றாள்.

"அங்கயும் கதைப்பன். இன்னும் படிப்பன்."

"அப்பாவும் இதைத்தான் சொன்னவர்." கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "உங்களைக் கூட்டிக்கொண்டு போய் உங்கட வாயைப் பூட்டுறதுக்கு எனக்குப் பயமாக் கிடக்கு. பிறகு நானே எல்லாம் கதைக்கோணும். வீட்டில நீங்கள் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருப்பீங்கள்."

"அப்ப நீங்கள் இஞ்ச வாங்கோவன்."

அவள் சிரித்தாள். "இஞ்ச வந்தா என்ர வாய்? எனக்கு நோர்வீஜியனிலதான் கோவம் வரும். அதிலதான் கனவும் வரும். தமிழில எனக்கு ஏழு வயசு. உங்கட அக்காவோட நான் என்னத்தைக் கதைக்கிறது?"

யோசித்துப் பார்த்தால் கணக்கு நேரானது. இரண்டு பேரில் ஒருவர் ஊமையாக வேண்டும். நான் ஊமையாக இருக்க ஆயத்தமாக இருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பயம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நான் சரி என்றேன்.

மறுநாள் விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். தகப்பன் வாசலில் ஒரு போர்ட்டரைப் பிடித்து, அவன் தமிழன் என்று கண்டுபிடித்து, அங்கேயே நின்றுவிட்டார். அவள் ஒரு பெட்டியோடு வரிசையில் நின்றாள். கவுண்டரில் இருந்தவர் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, அதைத் தமிழில் சொல்லப் பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. கொஞ்சத் தூரத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள்.

உள்ளே போகும் இடத்தில் அக்கா கண்ணைக் காட்டி என்னை முன்னால் தள்ளினார். ஒரு வருடமாக நடந்து நடந்து படித்ததில், பிரிந்து போகிறவர்களுக்குச் சொல்லும் சொல் ஒன்று இருந்தது. திரும்பக் காண்போம் என்று அர்த்தம். அதுவும் இரண்டு துண்டு ஒட்டிய சொல்தான்.

"போ யென்சூன்," என்றேன்.

சொன்ன உடனே எனக்கே தெரிந்தது. யென்னிலும் சூனிலும், இரண்டு துண்டிலும் பாரத்தைப் போட்டுவிட்டேன். படபடப்பில் எங்கள் ஊர் மரியாதை எல்லா எழுத்துக்கும் போய்விட்டது. இவ்வளவு மோசமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் அங்கே போக வேண்டியவன் என்றால் அவள் திருத்துவாள் என்று நின்றேன். அந்தப் பொறுமையான குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"சரியாச் சொன்னீங்கள்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காரில் திரும்பி வரும்போது அக்கா கேட்டார், "என்னவாம்? சம்மதமாமோ?"

"இல்லையாம்," என்றேன்.